பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள்: பின்னணி இசையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இசை நிறுவனங்கள், படத் தயாரிப்பு நிறுவனங்கள், ஓடிடி தளங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன் எழுதுகிறேன். கொஞ்சம் தொந்தரவு பிடித்த ரகம். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்திருக்க மாட்டேன். ஒரு தொடரின் டைட்டில் இசை பிடித்துப்போனால், ஒவ்வொரு எபிசோடுக்கும் அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கதைக்குள் போவேன். இரண்டு பேர் முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில், பின்னால் ஒரு புல்லாங்குழல் மெதுவாக நுழைவதைக் கவனித்துக்கொண்டிருந்து வசனத்தைக் கோட்டை விடுவேன். அப்புறம் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிடுவேன். மறுபடியும் புல்லாங்குழலைத்தான் கேட்பேன். கூட உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு என்னால் நிம்மதி கிடையாது. ஆனால் என்னை மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம். "இன்டர்வெல்லுக்கு முன்னால் வருமே ஒரு பிட்" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், இன்னொருவர் அதை வாயாலேயே வாசித்துக் காட்டிவிடுவார்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். படத்துக்கும் தொடருக்கும் போட்ட பின்னணி இசையைத் தனியாக, முழுசாக, நல்ல ஒலித்தரத்தில் வெளியிடுங்கள். அதோடு ஒட்டிய இரண்டு மனக்குறைகளும் உண்டு, அவற்றையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

பின்னணி இசையின் மதிப்பை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1960இல் வந்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வெறும் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து ஒன்றை எழுதி வந்தார். கேட்டுவிட்டு இயக்குநர் மனசை மாற்றிக்கொண்டார். இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்தக் கீச்சொலி தெரியும். படம் எடுத்தவரே வேண்டாம் என்ற இடத்தில் வந்து உட்கார்ந்த இசைதான் படத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஆனால் நம் ஊர் வழக்கத்தில் சினிமா இசை என்றால் பாட்டு. ஐந்து பாட்டு, ஆறு பாட்டு, ஒரு டூயட், ஒரு சோகம், முடிந்தது ஆல்பம். ஒலித்தட்டு காலத்திலும் அப்படி, கேசட்டிலும் அப்படி, இன்றைய ஸ்ட்ரீமிங்கிலும் பெரும்பாலும் அப்படியேதான். படத்தில் பாட்டுக்கு அரை மணி நேரம் என்றால், ரீரெக்கார்டிங், அதாவது காட்சிகளுக்குப் போடும் பின்னணி இசை, அதைவிட எவ்வளவோ அதிகம். அந்த அதிகமான பங்கு முழுக்கப் பெட்டிக்குள் கிடக்கிறது. 1976இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி இளையராஜா போட்ட ரீரெக்கார்டிங்கை மட்டும் தனியாகத் தொகுத்தால் எத்தனை மணி நேரம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். 'மௌன ராகம்' படத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் பாட்டுக்குச் சமமாக அந்தப் பிஜிஎம் பற்றியும் பேசுவார்கள். செல்போனில் ரிங்டோனாக வைத்தார்கள், கிடாரில் வாசித்துக் காட்டினார்கள். இவ்வளவும் பெரும்பாலும் படத்திலிருந்தே காதால் பிடித்துக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை. பேச்சை வெளியிட உங்களுக்குத் தயக்கமே இருந்ததில்லை. 'திருவிளையாடல்' கதை வசனம் ஒலித்தட்டாக வந்து, படத்தைப் பார்க்காதவர்கள்கூட தருமி சிவனிடம் கேள்வி கேட்கும் இடத்தை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். 1984இல் வந்த 'விதி'யின் நீதிமன்ற வசனம் கேசட்டாகச் சக்கைப்போடு போட்டது. எங்களில் பலருக்கு ரீரெக்கார்டிங்கை ஒலித்தட்டில் கேட்கக் கிடைத்த முதல் வாய்ப்பே இந்த வசனத் தொகுப்புகள்தான். சிவாஜி மூச்சு வாங்கும் இடைவெளியில் கே.வி. மகாதேவனின் இசை காதில் விழும்.

அதே சமயம் 1987இல் வந்த 'பேசும் படம்' மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வசனம் கிடையாது. பாட்டும் கிடையாது. எல்.வைத்தியநாதனின் இசையும் சத்தங்களும்தான் கதையைத் தள்ளிக்கொண்டு போகும். இவரேதான் 1986இல் தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' தொடருக்கும் டைட்டில் இசை போட்டவர். ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்த கோட்டுச் சித்திரங்கள் மேல் வரும் அந்தக் குரலை இந்தியாவில் ஒரு தலைமுறையே வாய்க்குள் முனகியபடி வளர்ந்தது. பாட்டு இருந்தால்தான் ஆல்பம் என்ற கணக்கில் இவருடைய இந்த இரண்டு வேலைகளும் எந்தக் கட்டத்தில் வரும், சொல்லுங்கள்?

"தனியாக வெளியிட எங்களிடம் தனியாக இல்லையே" என்று நீங்கள் சொல்லலாம். மிகப் பழைய படங்களுக்கு அது உண்மைதான். இசை, வசனம், சத்தம் எல்லாம் ஒரே தடத்தில் கலந்துபோய், அதுவும் தேய்ந்த நிலையில்தான் மிஞ்சியிருக்கும். அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற படங்களுக்கு? ஒரு படத்தை வேறு மொழியில் டப் செய்ய வேண்டுமென்றால் வசனம் இல்லாத ஒலித்தடம் ஒன்று வேண்டும். எம் அண்ட் இ என்று நீங்களே பெயர் வைத்திருக்கிறீர்கள்: மியூசிக் அண்ட் எஃபெக்ட்ஸ். அதைத் தயாரிக்கிற இடத்தில் இசை, வசனம், சத்தம் மூன்றும் ஸ்டெம் என்கிற தனித்தனி ஒலித்தடங்களாகவே இருக்கும். இன்றைக்கு ஒரே நாளில் நான்கைந்து மொழிகளில் படம் வருகிறது. அப்படியானால் வசனம் கலக்காத இசை எங்கோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டில் சில டிவிடிகளிலும் ப்ளூ-ரேக்களிலும், இசை மட்டும் ஒலிக்க, படத்தைப் பார்க்கும்படி ஒரு தனி ஒலித்தடமே கொடுத்தார்கள். வசனமே இல்லாமல், உதடுகள் மட்டும் அசைய, இசை எந்த நொடியில் நுழைகிறது, எந்த நொடியில் விலகிக்கொள்கிறது என்று பார்க்கிற சுகம் தனி. ஓடிடி தளங்களே, மொழி தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஏழெட்டு மொழிகள் வைத்திருக்கிறீர்கள். கடைசியில் 'இசை மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் பட்டியல் தாங்காதா என்ன?

நீங்கள் தராததால் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒலியை ஆறு சேனல்களாகப் பிரித்துத் தரும் 5.1 ஒலியமைப்பில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில்தான் இருக்கும். டிவிடியின் ஒலியைப் பிரித்து, அந்த நடுச் சேனலை மட்டும் அணைத்துவிட்டால், மீதிச் சேனல்களில் இசை பெரும்பாலும் தனியாக நிற்கும். பெரும்பாலும்தான். மழை இருந்தால் மழையும் வரும், மோட்டார் சைக்கிள் இருந்தால் அதுவும் வரும். நடுச் சேனலில் இருந்த இசையின் பங்கு போய்விடுவதால் சில இடங்களில் செல்லோ மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பது போல் கேட்கும். பிறகு அந்தத் துண்டுகளை ஒட்டி, இரைச்சலைத் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் நாங்களே பெயர் வைப்போம்: "ரயில் நிலையம்", "கடிதம் கிழிக்கும் இடம்", "அப்பா திரும்பிப் பார்ப்பது". என்னிடம் இப்படி ஒரு வயலின் துண்டு இருக்கிறது. மிக அழகான திருப்பத்தில், சரியாக மூன்றாவது சுரத்தின் மேல், கதாநாயகி கதவை அறைந்து சாத்துவாள். அத்தனை காலமும் கேட்டுக் கேட்டு அந்தக் கதவு என் காதில் தாளமாகவே பதிந்துவிட்டது. நீங்கள் நாளைக்கே சுத்தமான பிரதியை வெளியிட்டால் முதல் சில நாள் எனக்குக் கதவு இல்லாமல் வெறிச்சென்றுதான் இருக்கும். பரவாயில்லை, வெளியிடுங்கள்.

இப்போது மென்பொருள்கள் குரலையும் இசையையும் ஓரளவு பிரித்தே கொடுத்துவிடுகின்றன. அதனால் இனி நாங்கள் உங்களை எதிர்பார்க்க வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரித்தெடுத்த வயலினில் ஒரு வழவழப்பு இருக்கும். வில் தந்தியில் உரசும் சத்தம் காணாமல் போயிருக்கும். கேட்டுப் பழகிய காது உடனே சொல்லிவிடும்.

யார் வாங்குவார்கள் என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி. ஹாலிவுட் படமான 'பிளேடு ரன்னர்' 1982இல் வந்தது. வாஞ்ஜெலிஸ் போட்ட அசல் இசை அப்போது வெளியாகவில்லை. பதிலுக்கு வேறொரு இசைக்குழு வாசித்த பிரதியை ஆல்பமாக விற்றார்கள். அசல் அதிகாரபூர்வமாக வெளிவந்தது 1994இல். நடுவே பன்னிரண்டு வருடம் ரசிகர்கள் சும்மாவா இருந்தார்கள்? திருட்டுப் பிரதிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. அந்தக் காசில் ஒரு பைசா இசையமைத்தவருக்குப் போயிருக்காது. 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' மூன்று படங்களுக்கும் வழக்கமான ஆல்பங்கள் வந்து நன்றாக விற்றன. அதற்கு மேலும் ஹோவர்ட் ஷோரின் இசை மொத்தத்தையும் 2005 முதல் 2007 வரை வருடத்துக்கு ஒரு தொகுப்பாக வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் பல மணி நேரம். முதலில் வாங்கியவர்களே மறுபடி வாங்கினார்கள். இன்ட்ராடா, லா-லா லேண்ட் மாதிரிச் சின்ன நிறுவனங்கள் சில ஆயிரம் பிரதிகள் மட்டும் அச்சடித்து, பழைய படங்களின் முழு இசையையும் குறிப்புப் புத்தகத்தோடு விற்கின்றன. அதை நம்பி ஒரு தொழிலே நடக்கிறது. இத்தனைக்கும் இன்றைக்கு நீங்கள் எதையும் அச்சடிக்கவே தேவையில்லை.

உரிமைச் சிக்கல் இருக்கிறது, தெரியும். தயாரிப்பாளருக்கா, இசை நிறுவனத்துக்கா, இசையமைப்பாளருக்கா என்று இழுபறி இருக்கும். வாசித்த கலைஞர்களுக்குப் பங்கு வேண்டும். அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும் வந்த ஆல்பங்கள் பல அரை மணி நேரத்தோடு நின்றுபோனதற்குக் காரணமே, அதற்கு மேல் போனால் இசைக்குழுவினருக்கு மறுபயன்பாட்டுத் தொகை கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான். கொடுக்கத்தான் வேண்டும். அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி நான் இந்த மடலை எழுதவில்லை. வேண்டுமானால் எங்களிடம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனத்தின் புகழ்பெற்ற இசைப்படங்களுக்கு எழுதிய இசைக்குழுக் குறிப்புத் தாள்களை, இடத்தை அடைக்கிறது என்று 1960களின் இறுதியில் குப்பையில் கொட்டிவிட்டார்கள். பல வருடம் கழித்து ஜான் வில்சன் என்ற பிரிட்டிஷ் இசை நடத்துநர், படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த வாத்தியம் எந்தச் சுரம் என்று காதாலேயே பிடித்து அவற்றை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. தபலா சத்தத்துக்கும் காலடிச் சத்தத்துக்கும் கீழே என்ன ஓடுகிறது என்று யாரோ ஒருவர் இப்படி நம் படங்களுக்கும் ஒரு நாள் உட்கார வேண்டுமா? 2008இல் யுனிவர்சல் ஸ்டுடியோவில் பற்றிய தீயில் இசைப் பதிவுகளின் மூல நாடாக்கள் எரிந்துபோனது வெளியே பரவலாகத் தெரிய வந்ததே 2019இல்தான். நாடாக்கள் அவ்வளவு அமைதியாகக் காணாமல் போகக்கூடியவை.

ரசிகர்களிடம் கொடுத்து வைத்தால் பத்திரமாக இருக்கும் என்பதற்கு 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் சாட்சி. 1960களில் வந்த அந்தத் தொடரின் எபிசோடுகள் பலவற்றை பிபிசி அழித்துவிட்டது. நாடாவை மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம், மறுஒளிபரப்பு எங்கே நடக்கப்போகிறது என்ற எண்ணம். தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகளுக்கு இன்றும் படம் இல்லை. ஆனால் ஒலி, அத்தனைக்கும் இருக்கிறது. காரணம், ஒளிபரப்பான நேரத்தில் வீட்டில் டிவி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மறுபடி கேட்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். பிபிசியே பின்னாளில் அந்தப் பதிவுகளைத் திருத்தி வெளியிட்டது.

அந்தத் தொடரை எடுத்ததால் முதல் மனக்குறைக்கு வருகிறேன்: பெயர்கள். 'டாக்டர் ஹூ' டைட்டில் இசையை 1963இல் எழுதியவர் ரான் கிரெய்னர். ஆனால் அது அந்த ஒலியில் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் பிபிசியின் ஒலிக்கூடத்தில் வேலை பார்த்த டெலியா டெர்பிஷயர். இழுத்து மீட்டிய ஒரு தந்தியின் ஒலியைப் பதிவு செய்து, அந்த நாடாவை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டி வெவ்வேறு சுரங்களாக்கி, ஆசிலேட்டர் என்ற மின்னணுக் கருவி எழுப்பும் ஒலிகளையும் சேர்த்து, ஒவ்வொரு சுரத்தையும் நாடாத் துண்டாக வெட்டி வெட்டி ஒட்டினார். சின்தசைசர் கிடையாது. தன்னோடு அவர் பெயரையும் போட வேண்டும் என்று கிரெய்னரே விரும்பினார். பிபிசியின் விதி இடம் கொடுக்கவில்லை. திரையில் டெலியாவின் பெயர் வந்தது 2013இல், தொடரின் ஐம்பதாவது ஆண்டுச் சிறப்புப் பகுதியில். அவர் 2001லேயே இறந்துவிட்டார்.

இப்படி வருடக்கணக்கில் காத்திருந்து ஏறும் பெயர்களைத்தான் உங்கள் தளங்கள் தபால்தலை அளவுக்குச் சுருக்குகின்றன. படத்தின் கடைசிக் காட்சி முடிந்து, இசை எழும்பி, முதல் பெயர் வரும். உடனே திரை ஒரு மூலைக்கு ஓடிவிடும். நடுவில் வேறொரு படத்தின் சுவரொட்டி, ஐந்து, நான்கு, மூன்று என்று கவுன்ட்டவுன். ரிமோட்டைத் தேடி எடுத்து, அந்தச் சின்னக் கட்டத்துக்கு அம்புக்குறியை நகர்த்துவதற்குள் யாரோ ஒருவன் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருப்பான். அழ வைத்த படத்துக்குப் பின்னாலும் இதேதான். நான் சந்தா கட்டும் ஒரு தளத்தில் இதை நிறுத்தும் வசதியை அமைப்புகளுக்குள் தேடி எடுத்து அணைத்து வைத்தேன். அடுத்த அப்டேட்டில் மறுபடி உயிர் பெற்றுவிட்டது.

டைட்டிலைத் தாண்டும் பொத்தானோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. நெட்ஃபிளிக்ஸ் அதை 2017இல் கொண்டுவந்தது, 2022இல் ஒரு நாளைக்கு 13.6 கோடி முறை அழுத்துகிறார்கள் என்று அவர்களே சொன்னார்கள். சில தொடர்களின் டைட்டில் இழுக்கிற இழுப்புக்கு நானும் அழுத்துகிறவன்தான். ஆனால் அது கேட்கிறது. வேண்டுமென்றால் அழுத்து என்கிறது. முடிவு எழுத்துகளுக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள் என்கிறேன். சுருக்கிவிட்டு மீட்டுக்கொள்ளச் சொல்லாதீர்கள். முழுசாக ஓடவிடுங்கள், தாண்ட வேண்டியவர்கள் தாண்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது மனக்குறை, பாட்டை மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருப்பது. பழைய தொடர்களுக்குப் பாடல் உரிமை வாங்கியபோது ஒளிபரப்புக்கு மட்டும் வாங்கினார்கள்; வீடியோவும் ஸ்ட்ரீமிங்கும் வரும் என்று யார் கண்டது. அதனால் பிற்பாடு வேறு இசையை ஒட்டி வெளியிடுகிறார்கள். ஒரு வானொலி நிலையத்தில் நடக்கிற அமெரிக்கத் தொடர் 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி'. அதிலேயே அசல் பாட்டுகளை எடுத்துவிட்டு வேறு எதையோ போட்டார்கள். பெரும்பாலானவை திரும்பக் கிடைத்தது 2014இல் வந்த டிவிடியில். 'டாசன்ஸ் க்ரீக்' என்ற இன்னொரு அமெரிக்கத் தொடரின் டைட்டில் பாட்டு ஸ்ட்ரீமிங்கில் காணாமல் போய், பாடிய பவுலா கோலே அதைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்த பிறகு 2021இல்தான் திரும்பி வந்தது. உரிமை கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது, புரிகிறது. ஆனால் முதல் திரையில் ஒரு வரி போடலாமே: 'இந்தப் பகுதியில் சில பாடல்கள் மாற்றப்பட்டுள்ளன' என்று. அந்தப் பாட்டு வந்த இடத்தில் வேறு எதுவோ ஒலிக்கும்போது, நம் நினைவுதான் பிசகிவிட்டதோ என்று எங்களைக் குழம்பவிடுவது நியாயமில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது என்றால், புதிய படங்களிலிருந்து தொடங்குங்கள். ஒப்பந்தம் போடும்போதே பின்னணி இசை வெளியீட்டையும் அதில் எழுதிவிடுங்கள். இப்போது சில படங்களுக்குப் பின்னணி இசையை ஓஎஸ்டி (ஒரிஜினல் சவுண்ட் டிராக்) என்று வெளியிடுகிறீர்கள். அது படம் ஓடி முடிந்து எல்லாரும் மறந்த பிறகு வராமல், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வரட்டும். வாசித்தவர்களின் பெயரை ஒவ்வொரு டிராக்கிலும் போடுங்கள். பழைய படங்களுக்கு, முதலில் நாடா எது மிஞ்சியிருக்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தி, டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். வெளியீடு அப்புறம் ஆகட்டும்.

எந்தத் துண்டு எந்தக் காட்சி என்று அடையாளம் காண ஆள் இல்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள். நாடாப் பெட்டியில் '3எம்2' என்று மட்டும் எழுதியிருந்தாலும் போதும், மூன்றாவது ரீலில் இரண்டாவது இசைத் துண்டு என்று எங்களுக்குப் புரியும். அது எத்தனையாவது நிமிடம் தொடங்குகிறது, எந்த வசனத்தில் முடிகிறது, படத்தில் எங்கே வெட்டினார்கள் என்று பட்டியல் போட்டே வைத்திருக்கிறோம். சம்பளம் வேண்டாம். நாடா ஓடும்போது அறையில் உட்கார ஒரு நாற்காலி கொடுத்தால் போதும். கூட்டிப்போகிற நண்பர்களுக்கும் சேர்த்து நான்கைந்து நாற்காலிகள் என்றால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
கடைசிப் பெயர் வரை உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகன்